பெயர் எழுதித் தரப்படும்

என் அப்பா கும்பகோணத்தில் போர்டு எழுதுபவர். சுண்ணாம்புத் தூள் தடவிய நூலின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, மறுமுனையை அவர் பிடித்துக்கொள்வார். நடுவில் விரலால் ஒரு சுண்டு சுண்டினால் பலகையில் வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோட்டின் மீதுதான் எழுத்து உட்கார வேண்டும். ழகரத்தின் கால் கோட்டுக்குக் கீழே எவ்வளவு இறங்க வேண்டும், இகரத்தின் விசிறி எங்கே திரும்ப வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்தவை அல்ல. அந்த இனாமல் பெயிண்ட் வாசனையில் வந்தவை. பிறகு ஃபிளெக்ஸ் பேனர் வந்தது. ஒரு வாரத்து வேலையை ஒரு இயந்திரம் பத்து நிமிடத்தில் முடித்தது. அப்பா தூரிகைகளை மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் சுற்றிப் பரணில் வைத்தார். 2011இல் திருமணமாகி நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் புறப்பட்டபோது அந்தத் துணிச்சுருளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்கு அப்போது எந்தக் காரணமும் இல்லை.

நாங்கள் இருப்பது டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில். கணவர் வீட்டார் நான்காம் தலைமுறை. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களின் வழி. வீட்டில் ஆங்கிலம்தான். மாமியாருக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார்கள், ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், தேவாரம் பாடுவார்கள். ஆனால் பாடும் தேவாரம் ஆங்கில எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தில் இருக்கும். இந்த ஊரின் நிலை அது. யாரையும் குறை சொல்ல முடியாது. பள்ளிகளில் தமிழுக்கு இடமில்லாத நீண்ட காலத்தைத் தாண்டி, இவ்வளவையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்களே என்றுதான் எனக்குத் தோன்றும்.

நான் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். 2020 மார்ச் 27 அன்று ஊரடங்கு தொடங்கியது. அடுத்த மாதமே வேலை நேரம் பாதியானது, சம்பளமும் பாதியானது. அப்போதுதான் கையில் இருக்கும் கலையை வைத்து இணையத்தில் ஏதாவது சம்பாதிக்க முடியுமா என்று தேடத் தொடங்கினேன். எனக்கு நிரந்தர வசிப்புரிமை கிடைத்திருந்தது, அதனால் அனுமதிச் சிக்கல் இல்லை. திருமணத்தின் வழியாக இங்கே வந்து இன்னும் தற்காலிக விசாவில் இருப்பவர்கள், அந்த விசாவில் தொழில் செய்யும் அனுமதி எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். வீட்டில் உட்கார்ந்து செய்வதும் வேலைதான்.

தொடக்கத்தில் எல்லாரும் சொல்வதைத்தான் நானும் செய்தேன். கோலங்களை வரைந்து, சட்டையிலும் தேநீர்க் கோப்பையிலும் அச்சிட்டு விற்கும் ஒரு தளத்தில் ஏற்றினேன். முதலீடு கிடையாது. யாராவது வாங்கினால் அவர்களே அச்சிட்டு அனுப்பிவிடுவார்கள், நமக்கு ஒரு பங்கு வரும். பதினான்கு மாதங்களில் அறுபத்தெட்டு கோலங்கள் ஏற்றினேன். கிடைத்தது 23 டாலர். கோலங்கள் நன்றாகவே இருந்தன. அதை இன்றும் தயங்காமல் சொல்வேன். ஆனால் அங்கே கோலம் என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து விழும். வாங்குபவருக்கு என் கோலத்துக்கும் அடுத்த கோலத்துக்கும் வேறுபாடு தெரிய வேண்டிய தேவையே இல்லை.

யூடியூப்பிலும் கோலம் போடும் காணொளிகள் ஏற்றினேன். விளம்பர வருவாயில் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், பன்னிரண்டு மாதங்களுக்குள் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டியிருந்தது. எட்டு மாதத்தில் என்னிடம் இருந்தது 140 பேர். முக்காலியில் கைபேசியைக் கட்டிக் காணொளி எடுப்பது எனக்குச் சுமையாக இருந்தது. பேசப் பிடித்தவர்களுக்கு அது சரியாக வரும். விட்டுவிட்டேன்.

திருப்பம் ஒரு கேள்வியில் வந்தது. ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேஷியாவில் இருக்கும் கணவரின் அத்தை மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். பழைய காகிதத்தின் ஒளிப்படம். அதில் ஒரு எண், ஒரு பெயர், வயது, மாவட்டம், ஊர். அவளுடைய கணவரின் கொள்ளுப்பாட்டி வந்த கப்பலின் பட்டியல் அது. "அக்கா, இந்தப் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது? மாமனாரின் எழுபதாவது பிறந்த நாளுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும்" என்று கேட்டிருந்தாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். ட்ரூரோ என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் வந்து சேர்ந்தது. 1911 வரை 1,52,000-க்கும் மேற்பட்டவர்கள் இப்படி டர்பன் இருக்கும் நடாலுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுக்கப்பட்டது. கப்பல் வாரியான பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுதுலி ஆவண மையம் அவற்றைப் பாதுகாத்து வந்திருக்கிறது. எண் தெரிந்தால் ஆளைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் பெயர்? அதை எழுதியவர் ஆங்கிலத்தில் எழுதும் குமாஸ்தா. காதில் விழுந்ததை எழுதினார். பிறகு வந்த ஒவ்வொரு அலுவலகமும் அதை இன்னும் கொஞ்சம் மாற்றியது. கவுண்டர் கோவெண்டர் ஆனார். முதலி மூட்லி ஆனார். நாயக்கர் நைக்கர் ஆனார். படையாச்சி மட்டும் எப்படியோ படையாச்சியாகவே தப்பித்துக்கொண்டார்.

அந்தப் படத்தில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டினால் "கனியமா" என்று வந்தது. கண்ணம்மாவாகவும் இருக்கலாம், கன்னியம்மாவாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டு நகரத்துக்கும் ஒரே எழுத்து. நான் உடனே தூரிகையை எடுக்கவில்லை. வீட்டில் வயதானவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தொண்ணூற்றொரு வயதில் ஒரு பெரியம்மா இருக்கிறார் என்றாள். அவருக்குத் தொலைபேசியில் பேசினேன். தன் பாட்டி ஆற்றங்கரையில் ஏழு கற்களை நட்டு மஞ்சள் பூசிக் கும்பிட்டதாகவும், "என் பெயர் அந்த அம்மாக்களின் பெயர்" என்று சொன்னதாகவும் அவர் நினைவுகூர்ந்தார். ஏழு கன்னிமார். ஊர்ப் பத்தியில் இருந்ததோ வடஆற்காடு மாவட்டத்து வந்தவாசி. குமாஸ்தா அதை வாண்டிவாஷ் என்று எழுதியிருந்தார். ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் கன்னிமாரைக் கும்பிடும் பகுதி அது. கன்னியம்மா என்று எழுதினேன்.

அப்பாவின் பழைய தூரிகை, கறுப்பு மை, தடித்த காகிதம். கீழே சிறிய எழுத்தில் ஊர், கப்பல், எண், ஆண்டு. பிறந்த நாளன்று மாமனார் அந்தச் சட்டத்தைக் கையில் வாங்கிய காணொளியை அனுப்பினார்கள். அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. விரலை எழுத்தின் மேல் வைத்து, கோட்டின் வழியே நகர்த்திக்கொண்டிருந்தார்.

பணம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அவளே இந்நாட்டுப் பணத்தில் 400 ராண்ட் அனுப்பினாள். அந்த வாரமே அவள் வழியாக மூன்று பேர் கேட்டார்கள். பதினான்கு மாதம் கோலம் விற்றதற்கு ஏறக்குறைய ஈடான தொகை ஒரே மாலையில் வந்திருந்தது. இங்கே தமிழ்ப் பெயர் வைத்திருப்பவர்கள் ஏராளம். அதைத் தமிழில் பிழையில்லாமல், பார்ப்பதற்கு அழகாக எழுதித் தருபவர்கள் மிகச் சிலர். எனக்கு அது மூச்சு விடுவதுபோல எளிதாக இருந்ததால்தான் அதை விற்கலாம் என்று இத்தனை நாள் தோன்றாமல் இருந்திருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் கலைகளில் எதை நீங்கள் வேலை என்றே எண்ணுவதில்லையோ, அதை யார் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அக்கம்பக்கத்தில் உள்ளவர்கள் "இதைக் கொஞ்சம் செய்து தருகிறாயா" என்று இதுவரை எதற்கெல்லாம் வந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

பெயரை உறுதி செய்வதுதான் இந்தத் தொழிலின் பெரும்பகுதி. எழுதுவது கடைசி அரை மணி நேரம். இப்போது ஒவ்வொருவரிடமும் சில கேள்விகள் கேட்கிறேன். வீட்டுப் பெரியவர்கள் அந்தப் பெயரை எப்படிக் கூப்பிட்டார்கள், அதைக் குரல் பதிவாக அனுப்ப முடியுமா? பழைய கல்யாணப் பத்திரிகை, கருமாதி அட்டை, கோயில் ரசீது, கல்லறைக் கல் எதிலாவது தமிழில் அந்தப் பெயர் இருக்கிறதா? வீட்டு மொழி தமிழா, தெலுங்கா? கடைசிக் கேள்வி முக்கியமானது. நாயுடு, ரெட்டி குடும்பங்களில் பல தெலுங்கு பேசியவை. தமிழில் வேண்டுமா என்று தெளிவாகக் கேட்டுவிடுவேன். தெலுங்கில் வேண்டும் என்றால் எனக்குத் தெரியாது என்று சொல்லி, தெலுங்கர்களின் ஆந்திர மகா சபையில் விசாரிக்கச் சொல்லிவிடுவேன். தெரியாத எழுத்தைப் பார்த்து வரைந்து கொடுத்துப் பணம் வாங்குவது எனக்குச் சம்மதமில்லை.

பலர் கைபேசியில் மொழிபெயர்த்த பெயரோடு வருகிறார்கள். பழனியைப் "பலானி" என்றும், கவுண்டரைக் "கோவெந்தர்" என்றும் அது காட்டியிருக்கும். அதை அப்படியே கையில் பச்சை குத்திக்கொண்ட ஒரு இளைஞன் என்னிடம் வந்தான். தன் தாத்தாவின் பெயர் என்று பெருமையோடு கையை நீட்டினான். சொல்வதா வேண்டாமா என்று ஒரு நிமிடம் தவித்தேன். சொன்னேன். அவன் முகம் வாடியதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஒரு லகரத்தை ழகரமாக மாற்றவும், தேவையில்லாத காலை ஒரு கொடியாக்கி மறைக்கவும் வழி வரைந்து கொடுத்தேன். அதற்குப் பணம் வாங்கவில்லை.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. இறுதிப் படத்தை அனுப்பும் முன், பெயரை நான் எப்படிப் படிக்கிறேன் என்று குரலில் பதிவு செய்து அனுப்புவேன். இரண்டு எழுத்துமுறைக்கு இடமிருந்தால் இரண்டையும் காட்டி, எது ஏன் பொருந்தும் என்று நான்கு வரி எழுதுவேன். "இதுதான் சரி, இதையே பயன்படுத்துங்கள்" என்று அவர்கள் எழுத்தில் பதில் தந்த பிறகுதான் முழு அளவுக் கோப்பு போகும். பச்சை குத்துவதற்கும் கல்லறைக் கல்லுக்கும் இதில் எனக்கு எந்தத் தளர்வும் கிடையாது. கல்லில் வெட்டிய பிறகு திருத்த முடியாது.

ஒரு பெரிய சறுக்கலைச் சொல்லியாக வேண்டும். தைப்பூசத்துக்கு ஒரு கோயில் குழுவினர் பேனர் கேட்டார்கள். "வேல் வேல் வெற்றிவேல்" என்று எட்டடி நீளத்துக்கு. அவசரம் என்பதால் கையால் எழுதாமல் கணினி எழுத்துருவில் அமைத்து, கோப்பை நேரே அச்சகத்துக்கு அனுப்பினேன். என் திரையில் எல்லாம் சரியாக இருந்தது. அச்சகத்தின் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. அவர்களுடைய மென்பொருளும் தமிழைச் சேர்த்துக் காட்டும்படி அமைக்கப்படவில்லை. வகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் லகரத்தின் தலையில் இடித்துக்கொண்டு நின்றது. அச்சடித்தவருக்குத் தமிழ் தெரியாது, கோயில் இளைஞர்களுக்கும் தெரியாது. காலையில் பந்தலில் கட்டிய பிறகு நான்தான் பார்த்தேன். அப்பா உயிரோடிருந்து இதைப் பார்த்திருந்தால் என்ற ஒரே நினைப்பில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் செலவில் மறுபடி அச்சடித்து மாலைக்குள் மாற்றினோம். 1,350 ராண்ட் போயிற்று.

அன்றிலிருந்து எழுத்தை எழுத்தாக யாருக்கும் அனுப்புவதில்லை. இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் எழுத்தை வெறும் கோட்டுருவமாக மாற்றிவிடும் வசதி இருக்கிறது. அடோபி மென்பொருள்களிலும் உண்டு. அப்படி மாற்றிய பின் பிடிஎஃப் ஆக்கினால், எந்தக் கணினியில் திறந்தாலும் கொம்பு நகராது. மாற்றாத மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திருத்த அது வேண்டும். அச்சகத்துக்குக் கோப்போடு ஒரு ஒளிப்படமும் அனுப்பி, "இதுபோலவே இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்" என்று எழுதுவேன். தமிழ் தெரியாதவர்களாலும் இரண்டு படங்களை ஒப்பிட முடியும்.

எழுத்துரு உரிமத்தையும் கவனியுங்கள். இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு எல்லாம் விற்பனைக்குப் பயன்படுத்தத் தக்கவை அல்ல. கூகுள் ஃபான்ட்ஸில் உள்ள நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, ஹிந்த் மதுரை, முக்தா மலர் போன்றவை திறந்த உரிமத்தில் வருபவை; அவற்றை வைத்துச் செய்த வேலையை விற்கலாம். பத்திரிகை, பேனர் போன்றவற்றில் சிறிய எழுத்துக்கு மட்டும் அவற்றை வைத்துக்கொள்கிறேன். பெயர் என்றால் எப்போதும் கைதான். காகிதத்தில் எழுதி, 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப்பில் ஓரங்களைச் சீராக்குவேன். மை கொஞ்சம் பிசிறிய இடத்தை அப்படியே விட்டுவிடுவேன். கையால் எழுதியது என்பதற்கு அது சாட்சி.

விலை வைப்பது எனக்கு எழுதுவதைவிடக் கடினமாக இருந்தது. முதலில் ஒரு பெயருக்கு 80 ராண்ட் சொன்னேன். ஒரு மாதம் நேரத்தைக் குறித்துக்கொண்டு வந்தேன். கேள்வி கேட்பது, பெரியவர்களிடம் பேசுவது, பட்டியல் தேடுவது, எழுதுவது, திருத்துவது என்று ஒரு பெயருக்குச் சராசரியாக மூன்றே கால் மணி நேரம். வெறும் எழுத்துக்கு மட்டும் விலை வைத்து, மற்ற இரண்டே முக்கால் மணி நேரத்தைச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது பெயர் உறுதியாகத் தெரிந்து எழுதி மட்டும் கேட்டால் 350 ராண்ட். கப்பல் பட்டியலில் தேடி, பெயரைக் கண்டுபிடித்து எழுதினால் 900. வெளிநாட்டிலிருந்து கேட்டால் டாலரில் சொல்கிறேன். விலையை உயர்த்தியபோது ஆட்கள் குறைந்துவிடுவார்கள் என்று பயந்தேன். குறையவில்லை. பேரம் பேசியவர்கள் மட்டும் குறைந்தார்கள்.

கோயில் வேலை தனிக் கதை. "சாமி காரியம்தானே மகளே" என்பார் எங்கள் பகுதிக் கோயிலின் தலைவர் தாத்தா. அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. நான் வாழும் ஊர், கும்பிடும் அம்மன். ஆனால் ஒரு கோயில் கேட்டால் ஒன்பது கோயில்கள் கேட்கும், இரவெல்லாம் சும்மா எழுதிக்கொண்டிருக்க என் உடம்பு தாங்காது. ஒரு நாள் அவருடைய வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னேன்: "தாத்தா, வருடத்தில் ஆடிக் கூழுக்கு எழுதுவது என் காணிக்கை. மற்றவற்றுக்குப் பாதி விலை. ரசீது தருகிறேன்." அவர் கொஞ்ச நேரம் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பந்தல்காரனுக்குக் கொடுக்கிறோம், சவுண்ட் சிஸ்டத்துக்குக் கொடுக்கிறோம், எழுதுகிற பிள்ளைக்கு ஏன் கூடாது" என்றார். அதன்பின் அவரே மற்றக் கோயில்களுக்கு என் விலையைச் சொல்கிறார். இலவசமாகச் செய்வதை எது, எத்தனை என்று முன்கூட்டியே நாமே சொல்லிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

பணம் கைக்கு வந்து சேரும் வழியில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். உள்ளூர் ஆட்கள் வங்கி வழியாக அனுப்பிவிட்டு, அனுப்பியதற்கான சான்று என்று ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். ஒருமுறை ஒரு திருமண வேலைக்கு, பத்திரிகை, வரவேற்புப் பலகை, மேசை அட்டைகள் எல்லாம் சேர்த்து 4,200 ராண்ட். சான்று வந்தது, பார்க்க உண்மையாகவே இருந்தது. கோப்புகளை அனுப்பிவிட்டேன். பணம் வரவே இல்லை. படம் போலி. அனுப்பியவரின் கைபேசி எண்ணும் மறுநாள் அணைந்துவிட்டது. மூன்று வாரத்து இரவுகள். அந்தக் கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. இப்போது பாதிப் பணம் என் கணக்கில் ஏறியதை வங்கிச் செயலியில் என் கண்ணால் பார்த்த பிறகே பென்சிலைத் தொடுவேன். மீதி வந்த பிறகே முழுக் கோப்பு. அதுவரை குறுக்கே என் பெயர் ஓடும் சிறிய படம் மட்டும். தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்று யாராவது சொன்னால் ஒரு ராண்ட்கூட அனுப்ப வேண்டாம். முதலில் வந்த பணம் உண்மையா என்று வங்கியிடம் கேளுங்கள்.

வெளிநாட்டுப் பணத்துக்குப் பேபால் என்ற இணையவழிப் பணச் சேவை. தென்னாப்பிரிக்காவில் பேபால் பணத்தை ராண்டாக எடுப்பது எஃப்என்பி வங்கியின் சேவை வழியாகத்தான். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டின்படி, ஈட்டிய பணத்தை 30 நாட்களுக்குள் உள்ளே கொண்டுவர வேண்டும். டாலர் ஏறட்டும் என்று அங்கேயே சேர்த்து வைக்கக் கூடாது. சிலர் வங்கிக்கு நேரே அனுப்புவார்கள். அப்போது இது என்ன பணம், எந்த வகையைச் சேர்ந்தது என்று வங்கி கேட்கும். பரிசு என்று சொல்லிவிடச் சிலர் யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். செய்த வேலைக்கான ஊதியம் என்றால் அதையே சொல்லுங்கள், விலைப்பட்டியலை எடுத்துக் காட்டுங்கள். இடையில் உள்ள வங்கிகளும் கட்டணம் பிடிக்கும் என்பதால் சிறிய தொகைக்கு இந்த வழி கட்டாது.

கோலங்களைக் கைவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவற்றை ஒரு அமெரிக்கப் படக் களஞ்சியத் தளத்தில் விற்பனைக்கு வைத்திருக்கிறேன், மெதுவாக ஏதோ வருகிறது. அங்கே வரிப் படிவத்தை அவசரமாக நிரப்பி, வரி ஒப்பந்தம் பற்றிய பகுதியை வெறுமையாக விட்டுவிட்டேன். அதனால் அமெரிக்க விற்பனையில் 30 விழுக்காடு பிடித்தார்கள். தென்னாப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அதன்படி இப்படிப்பட்ட உரிமத் தொகைக்கு அங்கே பிடித்தம் இல்லை. டபிள்யூ-8பென் படிவத்தில் நம் வரி எண்ணை எழுதி, நாட்டைக் குறித்து, அந்தச் சலுகையைக் கோர வேண்டும். கோராதவருக்குத் தானாகக் கிடைக்காது.

இங்குள்ள வரியும் உண்டு. சம்பளத்தில் வரி பிடித்துவிடுகிறார்களே என்று பலர் இருந்துவிடுகிறார்கள். சம்பளத்தோடு தொழிலும் செய்து வருமானம் வந்தால், சார்ஸ் என்ற வரித்துறையின் கணக்கில் நாம் முன்வரி செலுத்துபவர். வரியாண்டு மார்ச் 1 தொடங்கி பிப்ரவரி கடைசியில் முடியும். ஆகஸ்ட் இறுதியிலும் பிப்ரவரி இறுதியிலும் ஐஆர்பி6 படிவம் கொடுக்க வேண்டும். கணக்கு எழுதுவது என் பகல் வேலை என்பதால் எனக்கு இது பயமாக இல்லை. ஒரு நீளநோட்டு, வரவு இடப்பக்கம், செலவு வலப்பக்கம். மை, காகிதம், டேட்டா என எல்லா ரசீதையும் அன்றே ஒட்டிவிடுவேன். வரும் ஒவ்வொரு தொகையிலும் நான்கில் ஒரு பங்கை வேறு கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். அது என் பணம் இல்லை என்று மனதுக்குப் பழக்கிவிட்டேன்.

மின்வெட்டு 2023இல் மிக மோசமாக இருந்தது. நாளில் எட்டு மணி நேரம்கூட இருட்டு. அப்போது வகுத்த ஒழுங்கு இன்றும் தொடர்கிறது. மின்சாரம் இருக்கும்போது ஸ்கேன், பதிவேற்றம், மறுமொழி. இல்லாதபோது மின்கல விளக்கின் கீழே தூரிகை. நாள் சொல்லும்போது நான்கு நாள் கூட்டியே சொல்கிறேன். அனுப்புவதற்கு, ஏ4 அளவு தாளை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, பெப் கடைகளில் உள்ள பாக்ஸி என்ற பொதி அனுப்பும் சேவையின் பையில் போட்டுவிடுகிறேன். பெரிய அளவு கேட்டால் கோப்பாகத் தந்து, அவர்கள் ஊரிலேயே அச்சிடச் சொல்கிறேன். ஒரு கூரியர் குழாய் மழையில் நனைந்து வந்ததிலிருந்து இந்த முடிவு.

இப்போது மாதம் 6,000 முதல் 9,000 ராண்ட் வரை வருகிறது. காவடிக்கு முன்னும் திருமண மாதங்களிலும் கூடும், மே, ஜூனில் படுத்துவிடும். அலுவலக வேலையை விடவில்லை, விடும் எண்ணமும் இல்லை. மாதச் சம்பளம் என்ற தரை இருப்பதால்தான் தவறான வேலையை வேண்டாம் என்று சொல்ல முடிகிறது.

போன வாரம் கேப்டவுனிலிருந்து ஒருவர் எழுதினார். தன் கொள்ளுத்தாத்தாவின் பெயர் கப்பல் பட்டியலில் தவறாக இருக்கிறது, உண்மையான பெயரைக் கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்டார். பட்டியலில் இருந்த பெயர் "பவாடை". கைபேசியில் தேடியிருக்கிறார், பெண்கள் உடுத்தும் ஆடை என்று வந்திருக்கிறது. குமாஸ்தா கேலி செய்து எழுதிவிட்டான் என்று வீட்டில் எல்லாரும் நினைக்கிறார்களாம். சின்ன வயதில் அதைச் சொல்லிப் பள்ளியில் சிரித்தார்களாம், அதனால் அப்பா அந்தப் பெயரை யாரிடமும் சொல்வதில்லையாம்.

நான் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். பட்டியலில் தவறு எதுவும் இல்லை என்றேன். பாவாடை என்பது பாவாடைராயன் பெயர். அங்காளம்மனுக்குக் காவலாக நிற்கும் சாமி. வடதமிழ்நாட்டில் மகனுக்கு அந்தப் பெயரை வேண்டிக்கொண்டு வைப்பார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தாவைப் பெற்றவள் ஏதோ ஒரு கோயில் வாசலில் நின்று கேட்டு வாங்கிய பிள்ளை அவர் என்று சொன்னேன்.

மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு, பக்கத்தில் அப்பா இருக்கிறார், அவரிடம் இன்னொரு முறை சொல்ல முடியுமா என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பெரியவர் விலையைக் கேட்கவில்லை. எவ்வளவு பெரியதாக எழுத முடியும் என்று கேட்டார்.

மேசையில் இரண்டடி நீளக் காகிதம் விரித்திருக்கிறேன். மாமியார் நூலின் ஒரு முனையைப் பிடித்திருக்கிறார்.